அதிகம் மூச்சு விடுபவர்

அல்லி நகரில் அரசு ஊழியர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதில்லை. ஒரு மூச்சு விடுவார்கள், அவ்வளவுதான்.

காலை எட்டு மணிக்குக் காற்று வழங்கல் துறையின் வாசலில் உள்ள வெள்ளிக் குழாயில் வாய்வைத்து ஊத வேண்டும். ஊதியவர் யார் என்று குழாய் கண்டுபிடித்து, பெயர் சொல்லி வணக்கம் வைக்கும். பிறகு, அவர் நேற்று முழுக்க எத்தனை லிட்டர் காற்றைச் சுவாசித்தார் என்பதை மேலே உள்ள பலகையில் எல்லோரும் பார்க்கும்படி எழுதிக் காட்டும். நிலவின் தரைக்கு நூறு மீட்டர் கீழே, ஒவ்வொரு மூச்சையும் ஆலையில் தயாரிக்கும் ஊரில் இது யாருக்கும் தவறாகப் படவில்லை. பிரம்மசக்தி ஒருத்தியைத் தவிர.

அவள் மண்பிறவி. பூமியில் பிறந்து, ஒன்பது வயதில் அம்மாவோடு கப்பலேறி வந்தவள். நிலவிலேயே பிறந்தவர்கள் நெடுநெடுவென்று, ஒட்டிய நெஞ்சோடு இருப்பார்கள். அவர்களுக்குக் கொஞ்சம் காற்றே போதும். மண்பிறவிகளுக்கு நெஞ்சுக்கூடு பெரியது. பிரம்மசக்தி என்னதான் மூச்சைப் பிடித்துப் பிடித்து விட்டாலும் பலகையில் அவள் பெயருக்கு எதிரே உள்ள எண் சிவப்பில்தான் மினுங்கும். பின்னால் நிற்கிற நிலாப்பிறவிகள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். லேசாகத் தொண்டையைச் செருமுவார்கள். இருபத்திரண்டு வருடமாக அவள் கேட்டுவரும் செருமல் அது.

அதிகாரிகள் அந்தக் குழாயில் ஊத வேண்டியதில்லை. அவர்களுக்குத் தனி வாசல். மண்டல வளி அலுவலர் பதவி கிடைத்தால் அந்த வாசல் வழியாகப் போகலாம். அவளுக்குச் சம்பளம் பெரிதில்லை, நாற்காலி பெரிதில்லை. அந்தக் குழாயில் வாய் வைக்காமல் ஒரே ஒரு நாளாவது வேலைக்கு வந்துவிட வேண்டும். அதுதான் ஆசை.

மூன்றாவது முறையாக அந்தப் பதவி கைநழுவிப் போயிருந்தது. குழாய்களில் கசிவு கண்டுபிடிப்பது எப்படி என்று அவளிடம் பாடம் படித்த இரண்டு பேர் அவளைத் தாண்டிப் போய்விட்டார்கள். துறைத் தலைவர் திங்களரசன் அவளுடைய கோப்பில் தன் கைப்பட இப்படி எழுதியிருந்தார்: 'மண்பிறவி என்பதால் இயல்பாகவே அதிகம் மூச்சு விடுபவர். காற்றைக் காக்கும் பதவியில் முன்மாதிரியாக இருக்க இயலாது.'

பாகுபாடு காட்டிவிட்டார் என்று அவள் புகார் கொடுத்தாள். துறையே விசாரித்து, துறையே பாகுபாடு இல்லை என்று முடிவு சொன்னது. இனி மேல்முறையீடுதான். அதற்கு முப்பது நாள் அவகாசம். ஐம்பது வயது தாண்டினால் அதிகாரி பதவிக்குப் பெயர் போகாது. அவளுக்கு ஐம்பது முடிய நான்கு மாதம்தான் இருந்தது. ஆக, இதை விட்டால் வேறு கதி இல்லை.

எங்கே மேல்முறையீடு செய்வது என்று துறை வாசலில் இருந்த வழிகாட்டி இயந்திரத்திடம் கேட்டாள். கேட்டு முடிக்கும் முன்பே பதில் வந்தது.

"சமநீதி ஆயம். நான்காம் தளம், ஏழாம் கதவு. பிறப்பு காரணமாகப் பாகுபாடு என்றால் அவர்கள்தான் விசாரிக்க வேண்டும்."

இவ்வளவு வேகமாக ஓர் அரசாங்கப் பதில் வந்ததே அவளுக்கு இடித்தது. இதற்கு மின்சாரம் கொடுப்பது யார்? அரசாங்கம். இவள் புகார் கொடுத்திருப்பது யார்மேல்? அரசாங்கத்தின்மேல். பிறகு இது எப்படிச் சரியான கதவைக் காட்டும்?

ஊழியர் சங்கச் செயலாளர் வேதமணியிடம் போனாள். அவரும் மண்பிறவி. கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்திப் பேசுகிறவர். அதனாலேயே அவர் சொல்வதெல்லாம் உண்மை போலத் தோன்றும்.

"அக்கா, மிஷின் பேச்சக் கேட்டுப் போயிடாதீங்க. அது அலையவிடப் பாக்குது. பதவி உயர்வு விஷயம்னா பணியாளர் ஆயம்தான். ஆறாம் தளம். எனக்குத் தெரியாததா?"

ஆறாம் தளத்தில் மனுவை வாங்கி வைத்துக்கொண்டு, பத்தொன்பதாம் நாள் திருப்பிக் கொடுத்தார்கள். 'எமது வரம்பில் வராது. சமநீதி ஆயத்தை அணுகவும். நான்காம் தளம், ஏழாம் கதவு.'

பிரம்மசக்திக்கு வயிறு எரிந்தது. ஆனால் வேதமணிமேல் கோபம் வரவில்லை. பாவம், நல்லதுக்குத்தான் சொன்னார். அந்த வழிகாட்டி மட்டும் கொஞ்சம் தயங்கித் தயங்கி, மனிதர் மாதிரி சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாளே! சந்தேகம் வரும்படி பேசியது அதன் தப்புதானே?

இருபத்தெட்டாம் நாள், ஏழாம் கதவு திறந்தது.

சமநீதி ஆயத்தில் எப்போதும் இரண்டு உறுப்பினர்கள். ஒருவர் மனிதர், மற்றது இயந்திரம். இருவரும் ஒருவரையொருவர் கண்காணிப்பார்கள் என்பது சட்டம் செய்தவர்களின் எண்ணம். அதோடு, மனு கொடுத்தவருக்கு விலக்குரிமை என்று ஒன்று உண்டு. இருவரில் ஒருவர் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம். மற்றவர் தனியாகத் தீர்ப்பு சொல்வார். காரணம் மட்டும் எழுத வேண்டும்.

இயந்திர உறுப்பினருக்கு நடுவன் என்று பெயர். மேசைக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில், முகம் என்று சொல்ல ஏதுமில்லாமல் இருந்தது. அது மூன்றே கேள்விகள் கேட்டது.

"பணியில் சேர்ந்தது முதல் எத்தனை கசிவுகளைக் கண்டுபிடித்தீர்கள்?"

"நாப்பத்தொண்ணு."

"பதவி உயர்வு பெற்ற இருவரும்?"

"ரெண்டு பேரும் சேந்து மூணு."

"காற்றை அதிகம் சுவாசிப்பவர்கள் கசிவைத் தாமதமாக உணர்வதாக எந்த ஆய்வாவது உங்களுக்குக் காட்டப்பட்டதா?"

"இல்ல."

"நன்றி. வேறு கேள்விகள் இல்லை."

அவ்வளவுதான். வயதென்ன, உடம்பு எப்படி, இவ்வளவு தூரம் அலைந்தாயே என்று ஒரு வார்த்தை இல்லை. முன்கூட்டியே முடிவு பண்ணிவிட்டு, ஒப்புக்குக் கேட்கிறது என்று நினைத்தாள். வாசல் குழாயும் இயந்திரம், பலகையும் இயந்திரம், இதுவும் இயந்திரம். எல்லாம் ஒரே ஆலையில் வார்த்ததுதான். ஒன்றை ஒன்று விட்டுக்கொடுக்குமா?

மனித உறுப்பினருக்கு அறுபது வயதிருக்கும். சுயம்புலிங்கம் என்று மேசைமேல் இருந்த பெயர்ப்பலகை சொன்னது. இதுவரை வாய் திறக்காமல் இருந்தவர், அவள் நெற்றி வேர்ப்பதைப் பார்த்துத் தண்ணீர்க் குவளையைத் தள்ளி வைத்தார்.

"தண்ணி குடிங்க. ரொம்ப அலைஞ்சு வந்திருக்கீயளோ?"

அந்த 'இருக்கீயளோ' அவள் காதில் தேன் மாதிரி விழுந்தது. அம்மா செத்தபிறகு அப்படி ஒரு பேச்சை அவள் கேட்டதில்லை.

"ஐயாவுக்கு எந்த ஊரு?" என்றாள், மனுவையெல்லாம் மறந்துவிட்டு.

அவர் நடுவனை ஒருமுறை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார். "இங்கதான் இருக்கேன், முப்பத்தஞ்சு வருசமா. பூர்வீகம் கேட்டா ஏரல்."

"ஏரலா! நானும் ஏரல்தான் அண்ணாச்சி! எங்க அம்மைக்கு ஆத்தங்கர பக்கம்!"

"அப்படியா?" என்றார் சுயம்புலிங்கம். முகம் மலர்ந்தது. அடுத்த நொடி அது சுருங்கியதை அவள் கவனிக்கவில்லை. பையில் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தாள்.

விலக்குரிமைத் தாளை நிரப்பி நீட்டினாள். நடுவன் அதைப் பார்த்துவிட்டு, "காரணம் என்ற கட்டம் காலியாக இருக்கிறது" என்றது. குரலில் வருத்தமும் இல்லை, கோபமும் இல்லை. அதுவே அவளுக்குக் கள்ளத்தனமாகப் பட்டது. கட்டத்தில் எழுதினாள்: 'இயந்திரம் என்பதால்.'

நடுவனின் விளக்கு அணைந்தது.

அன்றைக்கு அவள் தாராளமாக மூச்சு விட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் பலகையில் எண் ரத்தச் சிவப்பில் எரிந்தது. எரியட்டுமே! இன்னும் எத்தனை நாளைக்கு? பின்னால் செருமியவனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கூட வைத்தாள்.

பத்தாம் நாள் தீர்ப்பு வந்தது. 'துறைத் தலைவரின் முடிவில் தலையிட முகாந்திரம் இல்லை. மேல்முறையீடு தள்ளுபடி செய்யப்படுகிறது.' கீழே சுயம்புலிங்கத்தின் கையெழுத்து.

அவள் இரண்டு முறை படித்தாள். பிறகு நான்காம் தளத்துக்கு ஓடினாள். நிலவில் ஓடுவது என்பது குதித்துக் குதித்து மிதப்பதுதான். ஆனாலும் அவளுக்கு இரைத்தது. சுயம்புலிங்கம் நடையில் எதிரே வந்துகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பப் பார்த்தார். அவள் விடவில்லை.

"அண்ணாச்சி, நியாயமாச் சொல்லுங்க. எம்பக்கம் ஞாயம் இல்லையா?"

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். "இருக்கு தங்கச்சி. யாரு இல்லேன்னு சொன்னா?"

"பொறவு ஏன் இப்படி எழுதினிய?"

"நீ சபையில வச்சு ஏரல்னு சொல்லிட்டியே! அவ்வளவும் பதிவாயிட்டு. அந்த மிஷினு இருந்திருந்தா ரெண்டு பேருமாச் சேந்து எழுதியிருப்போம், ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான். அதையும் நீ விலக்கிட்ட. நான் ஒத்தைக்கு உனக்கு எழுதினா நாலு பேரு என்ன சொல்லுவாவ? ஊர்க்காரிக்குச் செஞ்சிட்டான்னு சொல்ல மாட்டாவளா? எனக்கு ஓய்வுக்கு இன்னும் எட்டு மாசம் கெடக்கு."

"அப்ப நீங்க விலகியிருக்கலாமே!"

"விலகினா, ஏன் விலகினான்னு கேப்பாவளே!" என்றார் அவர். அவளைவிட அவர்தான் அதிகம் நொந்துபோயிருப்பது போலத் தெரிந்தது. "வேற ஊர்க்காரியா இருந்தா கண்ண மூடிட்டுப் போட்டிருப்பேன் தாயி. சத்தியமா."

அவர் போனபிறகு அவள் அங்கேயே உட்கார்ந்து தீர்ப்புக் கோப்பைப் புரட்டினாள். கடைசித் தாள் ஒன்று இணைப்பாக இருந்தது. 'விலக்கப்பட்ட உறுப்பினரின் வரைவு. பதிவுக்காக மட்டும், செல்லுபடியாகாது.' விசாரணை நடந்த நாளின் தேதி. நேரம், அவள் தண்ணீர் குடிப்பதற்கு ஒரு நிமிடம் முந்தையது.

'மேல்முறையீட்டாளர் நாற்பத்தொரு கசிவுகளைக் கண்டுபிடித்துள்ளார். மற்ற இருவரும் சேர்ந்து மூன்று. தன்னைக் கண்டுபிடித்தவர் எங்கே பிறந்தார் என்பது எந்தக் கசிவுக்கும் தெரியாது. ஒருவரை அவர் பிறப்பைக் காரணம் காட்டி விலக்குவது செல்லாது. மண்டல வளி அலுவலர் பதவி இவருக்கு உடனே வழங்கப்பட வேண்டும்.'

அதற்கு நேர் கீழே, அவளுடைய சொந்தக் கையெழுத்தில் பல வருடப் பகை போல அழுத்தி எழுதிய இரண்டு சொற்கள்: 'இயந்திரம் என்பதால்.'

பிரம்மசக்திக்குக் கண் கலங்கியது. கொஞ்ச நேரம், உண்மையாகவே கொஞ்ச நேரம், அவளுக்கு வெட்கமாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கி வந்து, வழிகாட்டி இயந்திரத்தின் முன்னால் நின்றாள்.

"இதுக்கு மேல எங்கயாவது போக முடியுமா?"

"முடியும். உச்ச ஆயம். எட்டாம் தளம், இரண்டாம் கதவு. முப்பது நாள் அவகாசம். அங்கும் ஒரு மனிதர், ஓர் இயந்திரம். விலக்குரிமை உண்டு. ஆனால் அந்தத் தாளை நிரப்ப வேண்டிய கட்டாயம் இல்லை."

கடைசி வாக்கியத்தை அது கொஞ்சம் மெதுவாகச் சொன்னது போல இருந்தது. ஏன் மெதுவாகச் சொன்னது? பிரம்மசக்தி யோசித்தாள். அந்த நடுவன்தான் அவளுக்காக எழுதியது, வாஸ்தவம். ஆனால் எதற்காக எழுதியது? தான் விலக்கப்படப் போகிறோம் என்று முன்பே தெரிந்துகொண்டு, பிற்பாடு அவள் படித்து வயிறெரியட்டும் என்று எழுதியிருக்கலாம் அல்லவா? இயந்திரத்துக்குத் தெரியாத தந்திரமா? தப்பு எங்கே நடந்தது என்பது இப்போது அவளுக்குத் தெளிவாகிவிட்டது. ஊர்க்காரரைப் பிடித்ததுதான் தப்பு. ஊர்க்காரர் பயப்படுவார். பக்கத்து ஊர்க்காரராக இருந்தால் பேச்சும் ஒத்துவரும், பேரும் கெடாது.

யாரும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு இயந்திரத்தை நெருங்கினாள்.

"ஆமா, எட்டாம் தளத்துல இருக்காரே, அந்த மனுச உறுப்பினரு… அவருக்கு எந்த ஊரு?"

"அந்தத் தகவல் யாரிடமும் கேட்டுப் பதியப்படுவதில்லை. தீர்ப்புக்கு அது தேவையில்லை."

இதில் ஏதோ சூது இருக்கிறது என்று பிரம்மசக்திக்குத் தோன்றியது. வேதமணியிடம் கேட்டால் தெரிந்துவிடும் என்று சங்க அலுவலகத்தைப் பார்த்து நடந்தாள்.