கீழே விழாத கல்

எறிந்த கல் கீழே விழவில்லை.

முகமெல்லாம் சோப்பு நுரையோடு, ஒரு கண்ணை மட்டும் இடுக்கித் திறந்துகொண்டு, சாவிக்காரர் குளியலறையில் காது கொடுத்து நின்றார். அவருடையது மேல்மாடி வீடு. குளியலறை ஜன்னலுக்கு வெளியே, கட்டடத்தின் நடுவில், கிணறு மாதிரி ஒரு வெற்றிடம் தரைவரைக்கும் இறங்கியது. அதன் அடியில் துருப்பிடித்த தகரங்களும், உடைந்த வாளிகளும், யாரும் உரிமை கொண்டாடாத பழைய சைக்கிள் ஒன்றும் கிடந்தன. துணி காயப்போடுகிற கிளிப் கை தவறி விழுந்தாலே அங்கிருந்து சத்தம் மேலே வரும். உள்ளங்கையளவு கல் விழுந்தால் கட்டடமே எட்டிப் பார்த்திருக்க வேண்டும். குழாய் சொட்டுகிற சத்தம் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

தப்பு ஆந்தையின் மேல்தான் என்று அவர் சாதிப்பார். நாளெல்லாம் கடையில் குனிந்து சாவிகளுக்கு அரம் போட்டுவிட்டு, பொழுது சாய்கிற நேரத்தில் நிம்மதியாகத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம் என்று நின்ற மனிதரின் காதருகே, புதுத்துணியை ஒரே இழுப்பில் கிழித்த மாதிரி அது கத்தினால் யாருக்குத்தான் தூக்கிவாரிப் போடாது? எதிர்ச்சுவர்க் குழாயின்மேல் உட்கார்ந்திருந்தது. வெளுத்துப்போன தட்டை முகம், அதில் இரண்டு கறுப்புக் கண்கள். கைக்குக் கிடைத்ததை எடுத்து ஜன்னல் கம்பி இடுக்கு வழியாக வீசினார். அது பறக்கவில்லை. ஒரு காலை மட்டும் நிதானமாகத் தூக்கியது. அதற்குள் சோப்பு கண்ணில் இறங்கி எரிந்தது. கழுவிவிட்டுப் பார்த்தபோது குழாய் காலியாக இருந்தது, சிறகடிப்பும் கேட்கவில்லை.

தலை துவட்டும்போதுதான் எதை எறிந்தோம் என்று அவருக்கு உறைத்தது. மனைவியின் கால் தேய்க்கிற கல். துணி ஆலையில் ஓடுகிற துணிமேல் விரல்களை வைத்து, முடிச்சும் இழைப் பிசகும் கண்டுபிடிப்பது அவள் வேலை. நின்றே செய்கிற வேலை, அதனால் குதிகால் வெடித்துவிடும். கல்யாணமான புதிதில் வாங்கிய அந்தக் கறுப்புக் கல்லால்தான் தினமும் தேய்ப்பாள். அவள் கல்லைத் தேய்த்தாளோ, கல் அவளைத் தேய்த்ததோ, அதன் ஒரு பக்கம் அவள் குதிகாலுக்கு அளவெடுத்த மாதிரி குழிந்துபோயிருந்தது.

“என் கல்லப் பாத்தீங்களா?” என்று சாப்பிடும்போது கேட்டாள்.

“நான் எதுக்கு அதைத் தொடறேன்?”

சின்னப் பொய்தான். எந்த வீட்டிலும் நாளுக்கு ஒன்றிரண்டு புழங்குகிற அளவு. ஆனால் ஆந்தை வந்ததையும், எதையோ வீசி விரட்டியதையும் சொன்னார். எதை என்று மட்டும் மூச்சு விடவில்லை.

“ஐயையோ, ஆந்தைமேல எதையும் எறியக் கூடாதுங்க!” அவள் சிரித்தாள். “எங்கம்மா சொல்லுவாங்க. எறிஞ்சது கீழ விழாதாம். அது காலாலேயே பிடிச்சிட்டுப் போய், எங்கயாவது வெச்சுத் தேய்ச்சுக்கிட்டே இருக்குமாம். அது தேயத் தேய ஆளும் தேஞ்சு போயிடுவாங்களாம்.”

“எந்த ஆளு?”

“வேற யாரு, எறிஞ்சவர்தான். நீங்க கொஞ்சம் தேஞ்சா நல்லதுதான். தொப்பையில இருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்க.”

அவரும் சேர்ந்து சிரித்து வைத்தார். அதற்குமேல் ஒரு வாய்கூட இறங்கவில்லை.

விளக்கணைத்துப் படுத்ததும் அது கேட்டது. படுக்கையறைக்கு நேர் மேலே மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி. தண்ணீர் ஏறுகிற இரைச்சல், வெயிலில் காய்ந்த குழாய்கள் குளிர்ந்து முனகுகிற சத்தம், அடுத்த கட்டடத்து மோட்டார் எல்லாம் அவர் காதுக்குப் பழகியவை. இது அவற்றில் ஒன்று இல்லை. ஸ்ர்ர்… கொஞ்சம் இடைவெளி. ஸ்ர்ர்… காலமெல்லாம் அரம் பிடித்தவரின் காது ஏமாறுமா? ஒரே திசையில் தள்ளி, தூக்கி, மறுபடி முதலிலிருந்து தள்ளுகிற தேய்ப்பு. கற்றுக்குட்டிகள்தான் முன்னும் பின்னும் இழுப்பார்கள். மேலே இருந்தது கை பழகிய வேலை, அவசரம் இல்லாத வேலை. பக்கத்தில் மனைவி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் விடியும்வரை தன் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு படுத்திருந்தார்.

சில நாள் கழித்து மருந்துக்கடை எடை எந்திரத்தில் ஏறி நின்றார். எடை கூடியிருந்தது. தொப்பையைத் தடவி அவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை அந்தக் கடைக்காரர் பார்த்திருக்கவே மாட்டார்.

ஆலை வாசலில் விரல் வைத்து வருகை பதிகிற எந்திரம் அவள் விரலை ஏற்க மறுத்தது அன்றைக்குத்தான்.

“ஈரம்னு நினைச்சு துடைச்சுத் துடைச்சு வெச்சேங்க. எல்லா விரலையும் வெச்சுப் பாத்தாச்சு. கடைசியில சூப்பர்வைசர் வந்து கூட்டிட்டுப் போனார். மானமே போச்சு.”

அவர் அவள் கையைப் பிடித்து விளக்கடியில் திருப்பினார். கடையில் சாவியின் பல்லைப் பார்க்கிற பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார். விரல் நுனியில் ரேகை இல்லை. உள்ளங்கையில் ஆழமான கோடுகள் மட்டும் மங்கலாக மிச்சமிருந்தன. ஆலைத் துணிச் சாயம் ஒத்துக்கொள்ளவில்லை என்று தோல் டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்தார். சாவிக்காரரும் அதை நம்பத்தான் பார்த்தார். களிம்பை அவரே கையில் எடுத்து அவள் விரல்களுக்குத் தடவிவிட்டார். ஒவ்வொரு ராத்திரியும் மேலே ஸ்ர்ர் என்று கேட்கும்போது தலையணையால் காதை மூடிக்கொண்டார்.

ஆலைத் தோழிகள் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். “என்னக்கா, முகம் இப்படி மினுங்குது? என்ன கிரீம் போடறீங்க, எங்களுக்கும் சொல்லக் கூடாதா?” அவளுக்கு ஒரே பூரிப்பு. சின்ன வயதில் ஊஞ்சலிலிருந்து விழுந்து புருவத்தில் வாங்கிய தழும்பு காணாமல் போயிருந்தது. கண்ணோரச் சுருக்கங்கள் இல்லை. கண்ணாடி முன்னால் கன்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “உங்க பக்கத்துல நின்னா இனிமே மகளான்னு கேப்பாங்க,” என்றாள்.

“உனக்குப் புதுக் கல்லு ஒண்ணு வாங்கிட்டு வரட்டுமா?” அவர் குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது.

“எதுக்கு? வெடிப்பே இல்லியே. இங்க பாருங்க.” காலை நீட்டி அவர் மடியில் வைத்தாள்.

தொட்டார். விரல் வழுக்கியது. குதிகாலில் கோடில்லை, காய்ப்பில்லை, தோலின் சொரசொரப்புகூட இல்லை. சோப்பைத் தொட்ட மாதிரி இருந்தது.

“அன்னைக்கு ஒரு கதை சொன்னியே. எறிஞ்சவங்கதான் தேய்வாங்கன்னு.”

“ஆமா, ஆந்தைக் கதை.” அவள் யோசித்தாள். “இல்லல்ல, அம்மா அப்படிச் சொல்ல மாட்டாங்க. எறிஞ்ச பொருள் யாரோடதோ அவங்கதான். தெருவுல கிடக்கிற கல்லுன்னா, எடுத்தவனோடது ஆயிடுதில்ல? அதனால எறிஞ்சவன். ஏன், பயந்துட்டீங்களா?”

அவர் அவள் பாதத்தை இரண்டு கையாலும் மூடிப் பிடித்துக்கொண்டார். சொல்லியிருக்கலாம். அந்த நிமிஷமே சொல்லி, அந்த நிமிஷமே மேலே ஏறியிருக்கலாம். ஆனால் சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று மனம் முரண்டு பிடித்தது. மனிதர்கள் அப்படித்தானே.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. விரலுக்கு முடிச்சுகள் தட்டுப்படவில்லை என்று ஆலையில் அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். கையிலிருந்து டம்ளர் நழுவியது. கரண்டி நழுவியது. தோடு போடப் போனவள், காதுத் துளை இருந்த இடத்தைத் தடவிக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். புருவம் உதிர்ந்தது. உதட்டுக்கும் கன்னத்துக்கும் நடுவில் இருக்கிற கோடு நாளுக்கு நாள் மங்கியது. இப்போது அவள் கண்ணாடி பக்கம் போவதில்லை. வலி இல்லை என்றாள். வலித்தாலாவது பரவாயில்லை என்றாள்.

தேய்ப்பது பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாவியில் ஒரு பல் குறைவாகத் தேய்ந்திருந்தால் இன்னும் ஒரு இழுப்பு இழுக்கலாம். ஒரு இழுப்பு கூடிவிட்டால் எந்தக் கொம்பனாலும் திருப்பி வைக்க முடியாது.

ஒரு சாயங்காலம், இருட்டுவதற்கு முன்பே, மேலே சத்தம் ஆரம்பித்தது. முன்பு கனமாகக் கேட்டது இப்போது மெலிந்துபோய், ஓரங்குலப் பொருள் உரசுகிற மாதிரி கேட்டது. அவர் தரையில் அவள் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். எறிந்தது எது என்று சொன்னார். பொய் சொன்னதைச் சொன்னார். அழுதார்.

அவள் திட்டவில்லை. அழவும் இல்லை. “போய் எடுத்துட்டு வாங்க,” என்றாள். சொற்கள் வாய்க்குள்ளேயே குழைந்தன.

“எடுத்துட்டு வந்துடறேன். தாழ்ப்பாள் போட்டுக்கோ. நான் வர்ற வரைக்கும் யாருக்கும் திறக்காதே.”

மொட்டைமாடிக் கதவின் சாவி காவலாளியிடம் இருந்தது. அவரைத் தேடப் பொறுமையில்லை. வளைத்த கம்பியால் பூட்டைத் திறந்தார். வெளியே வானம் சாம்பல் நிறத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. தொட்டிக்கு ஏறுகிற இரும்பு ஏணி கையில் சில்லென்று ஒட்டியது. ஏறினார். தொட்டியின் அடிப்பக்கம் தவழ்ந்து நுழைகிற அளவுக்கு ஓர் இடுக்கு. ஈர சிமெண்டு வாடை, எலி வாடை, பழைய இறகு வாடை. கைப்பேசி வெளிச்சத்தில் பொடிப்பொடியாக எலும்புகளும், உருண்டை உருண்டையாக ரோமமும் தெரிந்தன.

அது அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

ஒற்றைக் காலில். இன்னொரு காலடியில் சிமெண்டுத் தரையில் நீளமாக ஒரு பள்ளம். மழமழவென்று. தொட்டியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. பள்ளத்தில் கறுப்பாகக் குழம்பு. நகத்துக்கடியில் அந்தக் கல். மிச்சம். ஒரு பல் அளவு.

அவர் கையை நீட்டினார். சீறும், கொத்தும், கண்ணைப் பிடுங்கும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டினார். அது ஒன்றும் செய்யவில்லை. காலை எடுத்து, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து அவருக்கு இடம் விட்டது.

ஏன் விட்டது என்று அவர் நினைக்கவில்லை. கல் கையில் இருந்தது. ஈரமாக, ஊறிப்போய், எடையே இல்லாமல். இது போதும். இவ்வளவு மிச்சமிருந்தால் போதும். முகம் தெரியாவிட்டால் என்ன, பேச்சு குழறினால் என்ன, அவள் இருப்பாள். பஞ்சில் சுற்றி, பெட்டியில் வைத்து, சாகிறவரைக்கும் காவல் இருப்பேன்.

ஏணியில் இறங்க இரண்டு கையும் வேண்டும். கல்லைக் கால்சட்டைப் பையில் போட்டார்.

இறங்கினார். பாதியிலேயே குதித்தார். ஓடினார். படிகளை இரண்டிரண்டாகத் தாவினார். ஒவ்வொரு தாவலுக்கும் பையில் சாவிகள் குலுங்கித் தொடையில் அடித்தன. அன்றைக்குப் புதிதாக வெட்டியவை. பிசிறு எடுக்காதவை. பல்லும் பல்லும் உரசி உரசிக் குலுங்கின. அந்தச் சத்தம் அவருக்குக் கேட்பதே இல்லை. இத்தனை வருஷமாக அதோடுதானே நடக்கிறார்.

தன் வீட்டு வாசலில் நின்று பைக்குள் கையை விட்டார்.

விரல்கள் சாவிகளைத் தொட்டன. சாவிகளுக்கு நடுவில் துழாவின. மெத்தென்று ஏதோ ஒட்டியது. கையை வெளியே எடுத்தார்.

கறுப்புப் பொடி.

பையை வெளியே இழுத்து உதறினார். சாவிகள் விழுந்து சிதறின. பொடி. பொடி மட்டும்.

“நான்தான். கதவைத் திற.”

உள்ளே காலடி கேட்கவில்லை. தரையோடு தரையாக எதுவோ வழுக்கிக்கொண்டு வந்தது. கதவருகே நின்றது. தாழ்ப்பாள் இருக்கிற உயரத்தில் மெல்ல ஒரு தடவல். பிடிக்கப் பார்த்தது. நழுவியது. மறுபடி பிடிக்கப் பார்த்தது. நழுவியது.

“பேசும்மா. ஒரே ஒரு வார்த்தை. எனக்குப் பயமா இருக்கு.”

நழுவியது.

அந்தக் கதவுக்கு அவரே தேடிப் பிடித்துப் போட்டது பழங்காலத்துப் பூட்டு. சாவித்துவாரத்தின் வழியாக அறை தெரியும். உள்ளே விளக்கு எரிந்தது. அவர் மண்டியிட்டார். துவாரத்தில் கண்ணை வைத்தார். “இங்க குனிஞ்சு பாரு. என்னைப் பாரு. நான் இங்கதான் இருக்கேன்.”

துவாரத்து வெளிச்சத்தின் குறுக்கே அவளுடைய சேலை அசைந்தது. அவர் சொன்னபடியே அவள் குனிந்தாள். கழுத்து இறங்கியது. தாடை இறங்கியது. துவாரத்தின்மேல் தன் முகத்தைக் கொண்டுவந்து, கண் இருக்க வேண்டிய இடத்தை அவர் கண்ணுக்கு நேராக வைத்து அழுத்தினாள். வெளுத்த, மழமழப்பான தோல். அதில் இமைக்கோடுகூட இல்லை.

அவர் தலைக்குமேல், கதவின் மறுபக்கம், அவள் கை இன்னும் தாழ்ப்பாளைத் தடவிக்கொண்டிருந்தது.