எல்லாப் பக்கமும் வடக்கு

இந்தக் காலத்தில் ஆளைத் தேடி யார் நடக்கிறார்கள்? கண்ணாடியைத் தடவுகிறார்கள். மாடு தொலைந்தாலும் தடவல், மனுசன் தொலைந்தாலும் தடவல். செங்கோடனுக்குக் கைப்பேசியைக் கண்டாலே எரிச்சல்.

அவருடைய மகன் அசோக், தென்துருவப் பனிநாட்டில் விஞ்ஞானிகளுக்குச் சமைத்துப்போடப் போயிருந்தான். பன்னிரண்டு நாளாகப் பேச்சில்லை. செங்கோடனுக்குச் சோறு இறங்கவில்லை. சோளக்காடு ஊர்ச் சந்தையில் விஜயாவின் பழக்கடை ஓரம் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

விஜயாவின் மகள் பூங்குழலி ஐந்தாம் வகுப்பு. அம்மாவின் கைப்பேசியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்புச்சி, டீச்சர் ஒரு மேப் காட்டுனாங்க. பனிநாட்டுல யாரு எங்க என்ன ஆராய்ச்சி பண்றாங்கன்னு புள்ளி வெச்சிருக்குது."

வட்டமாக ஒரே வெள்ளை. அதில் புள்ளிகள். ஒன்றைத் தொட்டாள். "இவங்க பென்குயினை எண்றாங்க."

"பறவைய எண்றதுக்குக் கப்பல்ல போறானுங்களா? வேலையத்தவனுங்க! இதுல கெழக்கு எது?"

"நட்டநடுவுல, தென்துருவத்துல நின்னா எல்லாப் பக்கமும் வடக்குதானுங்களாம்."

செங்கோடனின் முகம் வெளுத்தது. வடக்கே தலைவைத்துப் படுத்தால் ஆயுசு குறையும் என்பது அவர் நம்பிக்கை.

"அப்ப எப்படிப் படுத்தாலும் தலை வடக்கேதான். போச்சு புள்ள. எம்பையன் போயிட்டான்."

பூங்குழலி சிரிக்கவில்லை. விரலால் வெள்ளையைத் தள்ளித் தள்ளித் தேடினாள்.

"அண்ணன் இருக்கற நிலையம் நடுவுல இல்லீங்க. பாருங்க, இந்தப் புள்ளிதான், ஓரத்துல, கடல்கிட்ட! அங்க நாலு திசையும் இருக்குது."

"உசுரோட இருக்கறானா? அதச் சொல்லுமா?"

"சொல்லாதுங்க," என்றாள் மெதுவாக.

செங்கோடன் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

அவள் அந்தப் புள்ளியை மறுபடி தொட்டாள். நிலையத்துக்குக் கடிதம் அனுப்ப அதில் இடம் இருந்தது. 'அசோக் அண்ணன் நலமா? வடக்கே தலைவைக்க வேண்டாம் என்று உங்கள் அப்பா சொல்கிறார்' என்று எழுதி அனுப்பினாள்.

மூன்றாம் நாள் அவளே செங்கோடன் வீட்டுக்கு ஓடிவந்தாள்.

"அப்புச்சி! பதில் வந்திருச்சு!"

மூச்சு வாங்க வாசித்தாள். "'பனிப்புயலில் தொலைபேசிக் கம்பம் சாய்ந்துவிட்டது, பேச முடியவில்லை; கடிதம் மட்டும் இன்றுதான் போகத் தொடங்கியது. நான் நலம். கட்டிலைத் தரையோடு திருகாணி போட்டு முடுக்கியிருக்கிறார்கள், திருப்ப வராது. தலையணையைக் கால்மாட்டுக்கு மாற்றிவிட்டேன். அசோக்.'"

செங்கோடன் அவளையே பார்த்தார். பிறகு கைப்பேசியைப் பார்த்தார்.

"எழுதுனது அவன்தான்னு நீ கண்டியா? எவன் வேணா எழுதுவான். கொரலக் கேட்டாத்தான் நம்புவேன்."

"அப்ப, திருப்பி ஒண்ணும் எழுத வேண்டாங்களா?"

அவர் காட்டுப்பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தார். நாலு எட்டு வைத்து நின்றார்.

"போர்வை ரெண்டாப் போத்திக்கச் சொல்லு. நம்பிட்டேன்னு மட்டும் நெனச்சுக்காத!"

திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.