கதவில் கட்டிய ஜிகினா

சௌமியாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வராமல் என்ன செய்யும்?

திருவொற்றியூரில் அவள் ஆறாம் வகுப்பு படிக்கும் பள்ளியில், பெண்கள் கழிப்பறைக் கதவுக்கு ஆறு மாதமாகத் தாழ்ப்பாள் இல்லை. கேட்டால், "பார்க்கலாம்மா" என்பார் தலைமை ஆசிரியர் ஸ்டானிஸ்லாஸ். இன்று ஆண்டு விழா. கல்வி அதிகாரி வருகிறார் என்று மேடை முழுக்க ஜிகினாத் தோரணம் மின்னியது. போதாக்குறைக்கு, கழிப்பறைக்குப் போகும் வழியை மறைத்து ஒரு ஜிகினாத் திரை வேறு.

"இது எதுக்கு சார்?" என்று கேட்டாள்.

"அந்தப் பக்கம் மேடம் கண்ணுல படக்கூடாதும்மா" என்று சொல்லிவிட்டு அவர் மாலை வாங்கப் போய்விட்டார்.

திரைக்குப் பக்கத்தில் அவள் தோழி ரூஹி சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தாள்.

"தல வலிக்குது சௌமி. காலைலேர்ந்து தண்ணியே குடிக்கல. குடிச்சா உள்ள போவணுமே."

"இன்னாடி நியாயம் இது?"

சௌமியாவின் அப்பா எத்திராஜ் கடலுக்குப் போகிறவர். தூண்டில் முள்ளில் அவர் ஜிகினா இழை கட்டுவார். பளபளப்பைப் பார்த்தால் மீன் நேராக அங்கேதான் வரும். அதைக் கொண்டுபோய் மறைக்கிறதுக்குக் கட்டுகிறார்களாம்!

"ரூஹி, அந்த முடிச்ச அவுரு."

"மாட்டிக்கினா?"

"நான் பேசிக்கிறேன்."

இருவரும் திரையை அவிழ்த்து, கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் போன ஓட்டையில் கொத்தாகக் கட்டினார்கள்.

அதிகாரி வந்தார். மேடையில் ஜிகினா எந்தப் பள்ளியில்தான் இல்லை? கழிப்பறைக் கதவில் அவர் பார்த்ததே இல்லை. நேராக அங்கே நடந்தார்.

"மேடம், மேடை இந்தப் பக்கம்" என்று சார் பின்னாலேயே ஓடினார்.

"இதை யார் கட்டினது?"

"நான்தான் மேடம்." சௌமியா ரூஹியின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். "அது தாழ்ப்பாள் இருக்க வேண்டிய இடம். ஆறு மாசமா இல்ல. அதனால இவ தண்ணியே குடிக்கிறதில்ல."

அதிகாரி விரலால் தள்ளினார். கதவு ஆவென்று திறந்துகொண்டது. அவர் சாரைப் பார்த்தார். சார் தரையைப் பார்த்தார்.

"தச்சரை வரச் சொல்லுங்க. விழா அப்புறம் நடக்கட்டும்" என்றவர், நாற்காலியை அங்கேயே போடச் சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

ஒரு மணி நேரத்தில் புதுத் தாழ்ப்பாள் ஏறியது. முதலில் ரூஹி உள்ளே போனாள். அவள் தாழ் போட்ட சத்தம் மேடை வரைக்கும் கேட்டது.