பின்கதவுத் தட்டு

காகம் மெல்லாது. கொத்தும், கவ்வும், பறந்துவிடும். வேலைசெய்யும் மதுபாரின் பின்கதவுப் படியில் தான் வைத்த தட்டைக் குனிந்து எடுத்தபோது நவரட்ணத்துக்கு முதலில் தோன்றியது அதுதான். பாண், பொரித்த கத்தரிக்காய், ஒலிவ் காய் என்று வைத்தது எல்லாம் தட்டிலேயே இருந்தது. ஆனால் எல்லாவற்றையும் யாரோ மென்றிருந்தார்கள். மென்று, சின்னச் சின்ன உருண்டைகளாக்கி, விளிம்போரம் வரிசையாக வைத்திருந்தார்கள். தட்டைச் சரித்தபோது எச்சில் நூலாக இழுபட்டது.

 தட்டை எட்டப் பிடித்துக்கொண்டான்.

அன்று அப்பாவின் முதலாவது ஆண்டுத் திவசம். காகத்துக்குப் படைத்து, அது உண்ட பிறகுதான் மகன் உண்ணலாம். தொண்ணூற்றாறில், வன்னியில் ஒரு அகதிக் கொட்டிலில் அப்பா பட்டினியோடு செத்தபோது நவரட்ணம் ரொறன்ரோவில் இருந்தான். கொள்ளி வைக்கக்கூடப் போக முடியவில்லை. அப்பாவுக்கு ஒரு நேரச் சாப்பாட்டையாவது ஒழுங்காகக் கொடுக்கவேண்டும் என்று விடியற்காலையிலிருந்து பச்சைத்தண்ணீரும் குடிக்காமல் இருந்தான். புது வேலை, லீவு கிடையாது. மனைவி பாலேஸ்வரி சமைத்துக் கட்டிக்கொடுத்த படையலை, புத்தி கெட்டவன், மோர்னிங்சைட் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டான். வேறு வழியில்லாமல்தான் பாரின் சமையலறையில் மீன், இறைச்சி என்று மச்சம் படாததாகப் பார்த்துப் பொறுக்கி இந்தத் தட்டைப் படைத்திருந்தான்.

இரவில் குப்பை கிளறும் ரக்கூனாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எல்லாவற்றையும் குப்பையில் தட்டினான். இன்னொரு தட்டை அதே மாதிரி நிரப்பி, அதே படியில் வைத்து, கதவைச் சாத்தினான்.

நவம்பர் மாதம், ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. பாரின் முன்பக்கம், மஞ்சள் வெளிச்சத்தில், கொலேஜ் தெருவின் இத்தாலியர்கள் தோளோடு தோள் நெருங்கியிருந்து, இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் வயிற்றைத் திறக்கவென்று கசப்பான சிவப்புக் குடிவகையை உறிஞ்சிக்கொண்டு, உள்ளங்கை அகலத் தட்டுகளில் கொறித்துச் சிரித்தார்கள். பின்னால், சமையலறையில் தோடம்பழத் தோலும் வினாகிரியும் பழைய எண்ணெயும் நனைந்த துடைதுணியும் ஒன்றாக மணக்க, குழாய்த் தண்ணீரின் இரைச்சலுக்கு அடியில் அவனுக்கு வேறொரு சத்தம் கேட்டது.

குழாயைப் பூட்டினான். கதவுக்கு அந்தப் பக்கம், சளக், சளக் என்று, ஒரு கன்னத்தால் மட்டும் மெல்லும் சத்தம்.

அப்பாவுக்கு இடப்பக்கப் பற்கள் மட்டும்தான் மிச்சம். அந்தப் பற்களால்தான் கல்லுப்போன்ற புழுக்கொடியலை, அவித்துக் காயவைத்த பனங்கிழங்கை, மென்று மென்று பசையாக்கி, சின்ன நவரட்ணத்துக்கு ஊட்டுவார். தேப்பன் சப்பிக் குடுத்து வளர்த்த பிள்ளை என்று சொந்தக்காரர் கேலி செய்வார்கள். பிள்ளை சாப்பிடாமல் அந்த மனிதர் ஒருநாளும் சோற்றில் கை வைத்ததில்லை.

கதவைத் திறந்தான். யாருமில்லை. தட்டில், விளிம்போரம், உருண்டைகள்.

வந்திருக்கிறார். ஆனால் விழுங்கவில்லை. ஏன்?

பரிமாறுகிற பஸ்ரியன் வாடிக்கையாளர் மிச்சம் விட்ட தட்டுகளோடு உள்ளே வந்தான். ஒலிவ் காய்களைப் பொறுக்கிக் குழாயில் அலசினான். உப்புநீர்ப் போத்தலைத் திறந்தான்.

"அண்ணை, உதை என்ன செய்யிறியள்?"

"திருப்பிப் போடுறன். ஒண்டையும் எறியக்கூடாதெண்டு முதலாளி சொன்னவர்."

"உதில பல்லுப் பட்டிருக்கு."

"உப்புத்தண்ணிக்குள்ள கிடந்தால் ஆருக்குத் தெரியப்போகுது? நீ உன்ரை வேலையைப் பார்." பஸ்ரியன் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் போய்விட்டான்.

நவரட்ணம் போத்தலைப் பார்த்தான். கலங்கிய தண்ணீரில் காய்கள் மிதந்தன. ஒன்றில் பிறைபோல ஒரு பல்லடையாளம். அதற்குள்ளிருந்துதான் இரண்டு தரமும் அள்ளினான். பசியோடு செத்த அப்பனுக்கு ஊரார் எச்சிலைப் படைத்திருக்கிறான். தன் கையைப் பார்க்கவே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

புதுத் தட்டு ஒன்றைத் தோல் எரியுமளவு சுடுதண்ணீரில் கழுவினான். புது ஒலிவ் ரின் உடைத்தான். புதுப் பாண் வெட்டினான். படியில் வைத்தான்.

"அப்பா, இதில ஆற்றை வாயும் படேல்ல. சாப்பிடுங்கோ."

தட்டு மெதுவாக இருட்டுக்குள் நகர்ந்தது.

சளக். சளக்.

காத்திருந்தான். ஒரு மிடறு. ஒரே ஒரு மிடறு விழுங்கும் சத்தம் கேட்டால் போதும்.

கேட்கவில்லை.

தட்டு திரும்பி வந்தது. இந்த முறை படியில் நிற்கவில்லை. கதவு நிலையைத் தாண்டி வந்தது. அவன் காலடியில் நின்றது. எல்லாம் மென்றிருந்தது. பசைபோல. பல் முளைக்காத வாய்க்கு ஏற்றமாதிரி.

அப்போதுதான் புரிந்தது.

பின்வாங்கினான். பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பு முதுகில் இடித்தது. ஈரமண் நாற்றம். முன்னால் யாரோ சிரித்தார்கள். கத்த நினைத்தான். வாயைத் திறக்கப் பயந்தான்.

கதவைக் காலால் எட்டித் தள்ளினான்; சாத்துப்படவில்லை. இருட்டு உள்ளே குனிந்தது.

ஒரு கை அவன் தாடையைப் பிடித்தது. நோகாமல். குழந்தையைப் பிடிக்கிற மாதிரி. மற்றக் கையின் இரண்டு விரல்கள், நகத்துக்குள் மண்ணோடு, தட்டிலிருந்து ஒரு உருண்டையை எடுத்தன. உதட்டில் வைத்து அழுத்தின.

பல்லைக் கடித்தான்.

"ஆ காட்டு, ராசா. நீ சாப்பிட்டால்தான் நான் சாப்பிடுவன்."

உருண்டை வெதுவெதுப்பாக இருந்தது.