ஐம்பத்தேழாம் குழாய்

வளையக்காரர் தன் வீட்டுக்குள் நுழைந்தது ஒரு வேலைநாள் மத்தியானம். கையில் சிறு கத்தியும் மூடி போட்ட டப்பாவும் இருந்தன. சொந்த வீட்டுக்கு அப்படி வருகிறவர்கள் குறைவு.

பூஞ்சை பொறுக்குவது அவர் வேலை. வைக்கோல், மரத்தூள், சோளத்தட்டை என்று மாடுகூட மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும் சக்கையைச் சர்க்கரையாகக் கரைக்கிற நொதி எந்தப் பூஞ்சையிடம் அதிகம் என்று கண்டுபிடிக்க வேண்டும். தட்டில் செடிநார்க் கூழைப் பரப்பி, நடுவில் பூஞ்சையை வைத்து, மூன்று நாள் கழித்துச் சிவப்புச் சாயம் ஊற்றிக் கழுவினால், அது தின்ற இடம் மட்டும் சாயம் ஒட்டாமல் வளையமாக வெளுத்திருக்கும். வளையம் பெரிதென்றால் பசி பெரிது. இருபது வருடம் வளையங்களை அளந்ததில் வந்த பெயர் அது. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

உளுத்த மரத்தைத் தேடிக் காடுமேடெல்லாம் அலைந்த அந்த மனிதர், தன் சமையலறை சிங்க்குக்கு அடியில் ஒரு பலகை உளுத்துக்கொண்டிருந்ததை அதுவரை குனிந்து பார்த்ததே இல்லை. மனைவி சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். வாயால் சொல்லி நடக்காததைச் சீட்டில் எழுதுவாள். சீட்டுக்கும் மசியாவிட்டால் அடியில் ஒரு கோடு போடுவாள். இரண்டாவது கோடு விழுந்தால் அன்றைக்கு வீட்டில் பேச்சு கிடையாது. மூன்றாவது கோடு விழும்வரை விடுகிற துணிச்சல் அவருக்கு இருபத்தோரு வருடத்தில் வந்ததில்லை.

அவளுடைய கடைசிச் சீட்டு காலண்டர் தாளின் ஓரத்தைக் கிழித்து எழுதியது. விரல் நீளம், விரல் அகலம். நீல மையில்: 'பல்பு ஒண்ணு. மறக்காதீங்க.'

அவர் மறந்துவிட்டு வந்தார். சமையலறை இருட்டாக இருந்தது. அந்த இருட்டில் அவள் தரையில் கிடந்தாள்.

மூளையில் ரத்தக் கசிவு, வெளிச்சம் இருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்றார் டாக்டர். வளையக்காரர் தலையாட்டினார். அன்றைக்கும் அழவில்லை, அப்புறமும் அழவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி உள்ளே ஒரு பக்கம் மரத்துப்போயிருந்தது. மூன்று மாதமாகச் சீட்டு சட்டைப்பையில் இருந்தது. பல்பு கடையில் இருந்தது.

கத்தியும் டப்பாவுமாக வந்த அந்த மத்தியானம், செல்போன் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தபோது, பலகை முழுக்க வெள்ளை நூல் படர்ந்திருந்தது. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. மழை நனைத்த மண்ணின் வாசனை வந்தது. அதற்குள் இன்னொரு வாசனை, அவள் கை கழுவும் சோப்பு. சோப்பு தீர்ந்து இரண்டு மாதம் ஆகிறது.

அவர் ஒன்றும் நினைக்கவில்லை. சுரண்டி எடுத்தார். மூடினார். ஐம்பத்தேழு என்று எண் போட்டார்.

மற்ற ஐம்பத்தாறும் மரம் அறுக்கிற பட்டறை, சாணக்குவியல், பாழடைந்த கிடங்கு என்று பல இடத்து ஆட்கள். ஐம்பத்தேழின் வளையம் அத்தனையையும் ஓரங்கட்டிவிட்டுத் தட்டின் விளிம்பைத் தொட்டது. ஆய்வுக்கூடத்தில் பக்கத்து மேசைக்காரம்மா சுண்டுவிரல் நுனி அளவு உப்பையும் மூன்று தடவை நிறுப்பவள். அதனால் அவளுக்குத் தராசு என்று பெயர். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுல யாருக்கும் சோறு போடறதில்லையா சார்?" என்றாள்.

அடுத்தது காகிதச் சோதனை. ஒவ்வொரு கண்ணாடிக் குழாயிலும் தெளிந்த நீரை ஊற்றி, விரல் அகலத்துக்கு ஒரு வெள்ளைக் காகிதத் துண்டைச் செருகி, ஆவியில் வேகவைத்துவிட்டுப் பூஞ்சையைப் போட வேண்டும். எது காகிதத்தை முதலில் கரைக்கிறதோ அது தேறியது. அன்று காலைதான் மைத்துனி போன் செய்திருந்தாள். அக்கா கையெழுத்தென்று தன்னிடம் ஒன்றுமே இல்லை, சனிக்கிழமை வருகிறேன், சீட்டைக் கொடுத்தால் படம் எடுத்துக்கொண்டு தந்துவிடுகிறேன் என்றாள். அவரும் சீட்டைப் பத்திரமாக வேலைக் கோட்டின் பைக்கு மாற்றினார். நறுக்கிய காகிதத் துண்டுகளையும் அதே பையில்தான் போட்டார்.

எழுதாத பக்கம் அவரைப் பார்த்து இருந்தது. கை பாட்டுக்கு வேலை செய்தது.

வியாழக்கிழமை ஐம்பத்தேழாம் குழாயைத் தூக்கிப் பார்த்தபோது, உள்ளே நீல எழுத்து இருந்தது.

வெளியே எடுக்க வழியில்லை. காகிதம் அதற்குள் பாலாடை மாதிரி ஆகிவிட்டது; தொட்டால் உதிரும், சூடாக்கினால் கரையும். குழாயை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மனைவியின் கையெழுத்து இருந்த காகிதம் மிச்சமில்லாமல் தின்னப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதும் அந்தத் தாடை வலிக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் காகிதம் இல்லை.

எழுத்து இருந்தது.

அடியில் படியவில்லை. மேலே மிதக்கவில்லை. காகிதம் இருந்த உயரத்தில், வரி பிசகாமல், வெறும் நீரில் நின்றது.

தராசு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "சார்," என்றாள், குரல் பாதியாகிவிட்டது, "இத எது தாங்கிட்டு இருக்கு?"



பகல் பன்னிரண்டு மணிக்கு மைத்துனி வந்தாள். அவர் எதையும் மறைக்கவில்லை. செய்த தப்பைச் சொல்லிக் குழாயைக் கையில் கொடுத்தார். திட்ட வாய் திறந்தவள் அப்படியே நின்றாள். குழாயைச் சாய்த்துப் பார்த்தாள். நீர் ஆடியது. எழுத்து ஆடவில்லை.

"மாமா, பல்பு வாங்கினீங்களா?"

"இல்ல."

"மூணு மாசமா?"

"ம்."

அவள் குழாயைத் தராசிடம் கொடுத்துவிட்டு அவர் சட்டைக் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். வழியில் கடையில் பல்பு வாங்கியதும், ஸ்டூலில் ஏறி மாட்டியதும் அவள்தான். ஸ்விட்சை மட்டும் அவரைப் போடச் சொன்னாள்.

போட்டார்.

சொட்டிக்கொண்டிருந்த சிங்க் குழாய் நின்றது.

சோப்பு வாசனை வந்தது. மைத்துனி மூக்கைச் சுருக்கி அவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

செல்போன் அடித்தது. தராசுதான்.

"சார், நான் தொடவே இல்ல. சத்தியமா. இந்தக் குழாயில முன்னாடி என்ன எழுதியிருந்துச்சு?"

"பல்பு ஒண்ணு. மறக்காதீங்க."



"இப்போ 'பலகை'ன்னு இருக்கு."

புது வெளிச்சம் சிங்க்குக்கு அடியில் விழுந்தது. பலகையின் வெள்ளை நூல் ஒரே பக்கமாகப் படிந்திருந்தது, அப்போதுதான் யாரோ கையால் தடவிவிட்டு எடுத்தது போல. கால் பக்கத்திலிருந்து ஒரு குளிர் ஏறி அவர் தாடை வரைக்கும் வந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு அவருக்குப் பட்ட முதல் உணர்ச்சி அதுதான். அதை விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை.

"தச்சரக் கூப்பிடட்டுமா மாமா?" மைத்துனி கிசுகிசுத்தாள்.

"வேணாம்."

"அக்காதான் கேக்கறாளே."

"மாத்திட்டா அப்புறம் கேக்கமாட்டா." சிங்க் பக்கம் திரும்பி, உரக்கச் சொன்னார்: "அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

ஐம்பத்தேழு தேறிவிட்டது. இப்போது அதன் வாரிசுகள் எங்கோ ஒரு தொழிற்சாலையின் பெரிய தொட்டிகளில் வைக்கோலைக் கரைத்துச் சர்க்கரையாக்கிக்கொண்டிருக்கின்றன. மூலக் குழாயை மட்டும் அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. வீட்டில் பலகையோடு அலமாரிக் கதவும் போய், சிங்க் நாலு செங்கலின்மேல் நிற்கிறது. அடுத்ததாக வாசல்கதவில் நூல் தெரிகிறது. மைத்துனி வாரம் ஒரு தடவை கேட்கிறாள். அவர் வாரம் ஒரு தடவை அதே பதிலைச் சொல்கிறார்.

ஆறாவது வாரம் 'பலகை'க்கு அடியில் நீல மையில் ஒரு கோடு வந்தது. பத்தாவது வாரம் இரண்டாவது. மறுபடி சொட்டத் தொடங்கியிருந்த சிங்க் குழாய்கூட அன்றைக்கு வீட்டில் சொட்டவில்லை.

நேற்றுக் காலை தராசு அவரைக் கூப்பிடாமல், குழாயை அவர் மேசையில் வைத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றுகொண்டாள்.

மூன்றாவது கோடு தொடங்கியிருக்கிறது. பாதிவரை வந்திருக்கிறது.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொஞ்சம் நீண்டது.