இரண்டு புட்டி, மூன்றாம் ஓலை

கண்ணாடிக் குவளையில் விழுந்ததை எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். ஆறிப்போன தேநீரின் நிறம். ஓரத்தில் செங்கல் பொடியைக் கரைத்த மாதிரி ஒரு மங்கல்.

1941 ஜூலை மாதம், சனிக்கிழமை, பகல் பதினொரு மணி. பூந்தமல்லியிலிருந்து நூம்பல் போகிற பாதையில் இருந்த சின்ன மாதா கோயில். அதை ஒட்டிய பங்களாவின் வராந்தாவில் சபைப் பெரியவர்கள் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். லொரென்சோ சாமியார் குருப்பட்டம் பெற்று அன்றோடு இருபத்தைந்து வருஷம். விழாவுக்கு எல்லாரும் இருந்தார்கள், சாமியார் மட்டும் இல்லை. போன வருஷம் இத்தாலி யுத்தத்தில் குதித்ததும், இத்தாலிக்காரர் என்ற ஒரே குற்றத்துக்காகச் சர்க்கார் அவரை வடக்கே ஏதோ ஒரு முகாமுக்குக் கொண்டுபோய்விட்டது.

போகும்போது அவர் விட்டுப்போனவை இரண்டு புட்டி ஒயின். கரும்பச்சைக் கண்ணாடி, வாயில் சிவப்பு அரக்கு. 'பரோலோ, 1916' என்று சீட்டு ஒட்டியிருக்கும். பட்டம் பெற்ற வருஷத்துச் சரக்கு. "வெள்ளி விழாவுக்கு நான் வராவிட்டாலும் திறந்து குடியுங்கள்" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறினார்.

திறந்தவர் செங்கல் சூளை முதலாளி செபாஸ்டியன். முதல் புட்டியின் தக்கை உதிர்ந்து உதிர்ந்து வந்தது. பாதி ஊற்றுவதற்குள் கசண்டாக ஏதோ இறங்கியது. ஒரு வாய் வைத்தவர் கொல்லைப் பக்கம் போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"கொட்டப்பாக்க கடிச்சா மாரி கீது. ஆரோ ஒயினக் குடிச்சிட்டு டீத்தண்ணிய ஊத்தி வெச்சிக்கிறாங்க."

இரண்டாவது புட்டியின் தக்கை வலிக்காமல் முழுசாக வந்தது. உள்ளே இருந்தது நாவல் பழச் சாறு போல் கருஞ்சிவப்பு. கசண்டு ஒரு பொட்டு இல்லை. இனித்தது.

"இத்தான்யா ஒயினு" என்றார் செபாஸ்டியன். "இருவத்தஞ்சு வருசம்னா சும்மாவா? பழம்புளி மாரி கருத்துக்கினு கீது பாரு."

பழம்புளி கறுக்கும், பழைய வெல்லம் கறுக்கும், பழைய ஊறுகாயும் கறுக்கும். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? எல்லாத் தலையும் சமையற்கட்டு வாசலில் நின்ற ஆரோக்கியம்மாளின் பக்கம் திரும்பியது. சாமியாருக்குப் பதினான்கு வருஷம் சமைத்துப் போட்டவள் அவள்தான். புட்டி இருந்த அறையின் சாவியும் அவள் இடுப்பில்தான் இருந்தது.

அவளுடைய கெட்ட காலம், அந்தக் கூட்டத்தில் அவளுடைய சம்பந்தியும் இருந்தார். அவள் மகள் தெரசாவை வெள்ளானூர்ப் பையனுக்குப் பேசி, இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் மணமக்கள் பேரை வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்பார்கள். மூன்றாவதும் தாண்டிவிட்டால் கலியாணம் நிச்சயம். மூன்றாவது ஓலை மறுநாள் காலை.

சம்பந்தி மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நாளைக் காலைக்குள்ள இது வெளுக்கணும். இல்லாங்காட்டி ஓலைய நிறுத்திடுங்க. திருட்டு ஊட்ல பொண்ணு எடுக்கறதுக்கு எங்களுக்கு இன்னா தலையெழுத்து?"

செபாஸ்டியன் புகார் சொல்லி ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பினார்.

சப்-இன்ஸ்பெக்டர் கங்காதரன் வந்து சேர்ந்தபோது மணி ஒன்று. சாராய வழக்குகளில் எத்தனையோ புட்டியை முகர்ந்து பார்த்த மூக்கு அவருக்கு. நாக்கில் மட்டும் ஒரு சொட்டு பட்டதில்லை. வெள்ளைக்கார அதிகாரி வீட்டு விருந்திலும் எலுமிச்சம்பழச் சர்பத் கேட்டு வாங்கிக் குடிக்கிற மனுஷர். ஒயின் வழக்கு என்றதும் அவருக்கே சிரிப்பு வந்தது. சமையற்கட்டு மூலையில் தாயும் மகளும் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

அறையைப் பார்த்தார். ஒற்றை ஜன்னல், செங்கல் தரை, உள்ளே நல்ல குளிர்ச்சி. மூலையில் ஒரு மரப்பெட்டி நிறைய உமி. உமிக்குள் இரண்டு பள்ளம், புட்டிகள் படுத்துக் கிடந்த அச்சு.

"படுக்க வெச்சது யாரு?"

"சாமிதாங்க. நிக்க வெச்சா தக்கை காஞ்சி பூடுமாம். நான் தொட்டதேயில்ல" என்றாள் ஆரோக்கியம்மாள்.

"சாவி வேற யார் கைக்குப் போகும்?"

"சூளக்காரரு மழைக்கு முன்னால ஓடு மாத்த வாங்கினு போனாரு. உபதேசியாரு பூசை உடுப்பு எடுக்க அப்பப்ப வாங்கிப்பாரு. அந்தப் பொட்டியும் இங்கதான கீது."

"இந்த ஒயினை நீ குடிச்சிருக்கியாம்மா?"

"ஐயோ, இல்லீங்க. முந்தி மூணு சீசா இருந்துச்சு. சாமி போறதுக்கு முந்தின கிறிஸ்மசுக்கு ஒண்ணத் தொறந்தாரு. அவரும் உபதேசியாரும் வெள்ளி டம்ளர்ல குடிச்சாங்க. நான் டம்ளரத்தான் கழுவினேன். கழுவின பொறவும் ரோசாப்பூ வாசனை போவல." கொஞ்சம் யோசித்துச் சேர்த்துக்கொண்டாள். "சாமி அந்த சீசாவத் தடவிக்கினே ஒண்ணு சொல்லுவாரு. இதுக்கும் மனுசன் மாரி நரைக்கும் ஆரோக்கியம், நரைச்சப்புறம்தான் புத்தி வரும்னு. எனக்கு ஒண்ணும் பிரியல."

கங்காதரனுக்கும் புரியவில்லை. ஆனால் அந்த வார்த்தை செருப்பில் புகுந்த கல் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

அடுத்து செபாஸ்டியன். "நான் ஓடு மாத்தனேன், பூட்டனேன், சாவியக் குடுத்தேன். எனக்கு ஒயினு வேணும்னா பட்டணத்துல வாங்கிக்க மாட்டேனா? காசுக்கு இன்னா பஞ்சம்?"

மூன்றாவது, உபதேசியார் வேதமுத்து. கோயில் பள்ளிக்கூடத்து வாத்தியாரும் அவர்தான், ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பவரும் அவர்தான். பரங்கிமலையிலிருந்து சைக்கிளில் வருகிற குருவுக்குப் பூசைக்கு எல்லாம் எடுத்து வைப்பவரும் அவரே. ஐம்பது வயது, மெலிந்த உடம்பு, ஆணி அடித்த மாதிரி தெளிவான பேச்சு.

"முதல் புட்டியைப் பார்த்தீங்களா?"

"தூரத்திலிருந்து பார்த்தேன் ஐயா. கலப்படம் மாதிரிதான் தெரிகிறது."

"யார் செஞ்சிருப்பாங்க?"

"யாரையும் கை காட்ட எனக்கு மனசு இல்லை."

"பூசைக்கு வைக்கிற திராட்சை ரசம் எங்க இருக்கு?"

"கோயில் அலமாரியில். சாவி என்னிடம் மட்டும்தான்."

கங்காதரன் வராந்தாவுக்குத் திரும்பி வந்து இரண்டு புட்டிகளுக்கும் முன்னால் உட்கார்ந்தார். முதலில் மூக்கு. இரண்டாவது புட்டி இனிப்பாக மணத்தது, அவ்வளவுதான். முதல் புட்டியின் குவளையைக் கையில் எடுத்துச் சுழற்றிவிட்டு முகர்ந்தவர் அப்படியே இருந்துவிட்டார்.

ரோஜா. அதுவும் பறித்த ரோஜா அல்ல. மாலையைக் கழற்றி மாட்டிய மறுநாள் வருமே, அந்த வாடின ரோஜா. அதற்குப் பின்னால் வெயிலில் இளகிய ரோட்டுத் தார். கொஞ்சம் பொறுத்தால் உலர்ந்த நாரத்தைத் தோல், பழைய தோல் பெட்டி. ஒவ்வொன்றும் அதனதன் நேரத்தில், அவசரமில்லாமல் வந்தது. டீத்தண்ணிக்கு இவ்வளவு பெரிய கதை சொல்லத் தெரியாது என்று அவருக்குத் தோன்றியது. குடிக்காத மனுஷருக்கே, இது என்ன ருசியாக இருக்கும் என்று ஒரு நிமிஷம் சபலம் தட்டியது.

பிறகு புட்டியை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நரை என்ற வார்த்தை அப்போதுதான் அவருக்குப் பிடிபட்டது.

மாலை நான்கு மணிக்கு எல்லாரையும் கூப்பிட்டார். சம்பந்தியும் வந்து நின்றார்.

"இந்தத் தேத்தண்ணியை வெச்சிக்கிட்டு என்ன பண்ணப் போறோம்?" என்று சலித்துக்கொண்டார் கங்காதரன். "ஆரோக்கியம்மா, கொண்டுபோய் அந்த முருங்கை மரத்தடியில ஊத்திடு."

ஆரோக்கியம்மாள் புட்டியை எடுத்தாள். படியில் இறங்கி, மரத்தடியில் சாய்க்கப் போனாள்.

"வேண்டாம்."

வேதமுத்துவின் கை புட்டியின் கழுத்தைப் பிடித்திருந்தது. அவர் எப்போது படி இறங்கினார் என்பது அவருக்கே தெரியவில்லை.

"கலப்படம்னு நீங்கதானே சொன்னீங்க?" கங்காதரன் குரலை உயர்த்தவில்லை.

வேதமுத்து கையை எடுக்கவில்லை.

"நானே சொல்றேன், உக்காருங்க" என்றார் கங்காதரன். புட்டியை வாங்கி, வெயிலில் பிடித்து, செபாஸ்டியனை அருகே அழைத்தார். "உள்பக்கம் பாருங்க. ஒரு பக்கமா, கழுத்துலேர்ந்து அடிவரைக்கும் கறுப்பா ஒரு பட்டை. நகத்தால சுரண்டினாலும் வராது போல இறுகியிருக்கு. வருஷக்கணக்கா படுத்தே கிடந்த புட்டியிலதான் வண்டல் அப்படிப் படியும். இடையில யாராவது திறந்து தண்ணி ஊத்தியிருந்தா அது கலைஞ்சிருக்கும். இந்தப் புட்டியை இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் தொடல."

"அப்ப நெறம்?"

"நிறம் எங்கயும் போகல. அந்தப் பட்டைதான் நிறம். கிணத்துல கலங்கின தண்ணி தெளியற மாதிரி, இது வருஷா வருஷம் தன் சாயத்தை இறக்கிட்டே வந்திருக்கு. புளிக்கு வயசானா கறுக்கும். மனுஷனுக்கு வயசானா வெளுக்கும். இதுக்கும் நரைக்கும்னு சாமியார் சொன்னது வேடிக்கைக்கு இல்லை."

செபாஸ்டியன் இரண்டாவது புட்டியை எடுத்துத் தாமே வெயிலில் பிடித்தார். கண்ணாடி துடைத்த மாதிரி இருந்தது. அவர் முகம் கறுத்தது.

"அதுல பட்டை இல்லை, கசண்டு இல்லை. தக்கையும் ஏற்கனவே ஒரு தடவை வெளியே வந்த தக்கை, அதான் உங்களுக்கு வலிக்காம வந்தது. காலி பண்ணிக் கழுவி, வேற ரசம் ஊத்தி, அரக்கு வெச்ச புட்டி அது. ஊத்தினவர் கையில ரசம் இருந்திருக்கணும். அது ஒருத்தர்கிட்டத்தான் இருக்கு." கங்காதரன் வேதமுத்துவைப் பார்த்தார். "ஆனா எனக்கு ஒண்ணு உதைச்சுது. குடிச்சவருக்கு இதோட நிறம் தெரிஞ்சிருக்கணுமே, ஏன் இவ்வளவு கறுப்பா ஊத்தினார்? புட்டி கரும்பச்சை. கிறிஸ்மஸுக்குக் குடிச்சது வெள்ளி டம்ளர். ரெண்டாவது தடவையும் நீங்க விளக்கு வெக்காமத்தான் குடிச்சிருக்கணும். உங்க நாக்குக்கு இதைத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது."

வேதமுத்து படியிலேயே உட்கார்ந்தார்.

"சாமியை வண்டியில் ஏற்றின அன்று சாயங்காலம்," என்று ஆரம்பித்தார். "உடுப்புப் பெட்டியை வைக்கப் போனேன். பத்து வருஷம் அவரோடு உட்கார்ந்து பேசாமல் நான் தூங்கப் போனதில்லை ஐயா. அந்தக் கிறிஸ்மஸில் முதல் வாய் எனக்கும் கசப்புதான். பொறு வேதமுத்து, அது வர நேரமாகும் என்றார். பொறுத்தேன். வந்தது. அதற்கப்புறம் அந்த மாதிரி ஒன்றை நான் உண்டதுமில்லை, குடித்ததுமில்லை. அன்று இருட்டில் உட்கார்ந்து ஒரு டம்ளர் குடித்தேன். அவர் பக்கத்தில் இருப்பது மாதிரி இருந்தது. விடியும்போது புட்டி காலி."

"அது போகட்டும். இன்னைக்கு வாசனை வந்ததும் இதுதான் அசல்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

"தெரிந்தது."

"தெரிஞ்சும் இந்தம்மாவை நிக்க வெச்சீங்களே."

ஆரோக்கியம்மாள் வேதமுத்துவைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது. "எம்பொண்ணுக்கு அ, ஆ சொல்லிக் குடுத்தது நீதானய்யா" என்றாள்.

கங்காதரன் எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார். "புகார் குடுத்தது செபாஸ்டியன். கேஸ் எழுதறதா வேணாமான்னு அவர் சொல்லட்டும். நாளைக் காலைல ஓலை வாசிக்கிறது யார்?"

"நான்தான்" என்றார் வேதமுத்து.

"சரி. வாசிங்க. அப்புறம் பேசலாம்."

கங்காதரன் போன பிறகு செபாஸ்டியன் முதல் புட்டியின் குவளையைத் தயங்கித் தயங்கி எடுத்தார். ஒரு வாய் வைத்தார். இந்தத் தடவை துப்பவில்லை. வராந்தா நிழல் முற்றம் வரைக்கும் நீள்கிற வரையில் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலைப் பூசை. கங்காதரன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயில் வாசல் ஓரமாக நின்றார். வேதமுத்து பீடத்துக்கு முன்னால் இருந்த கிராதி அருகே வந்து, தாளைப் பிரித்து, தெளிவான அந்தக் குரலில் மாப்பிள்ளை பேரை வாசித்தார். தெரசா பேரை வாசித்தார். இது மூன்றாம் ஓலை என்றார். முன் வரிசையில் சம்பந்தி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இவர்களுக்குள் தடை ஏதேனும் அறிந்தவர்கள் இருந்தால் சொல்லலாம்."

வழக்கமாக அதோடு தாளை மடித்துவிடுவார். அன்று மடிக்கவில்லை.

"தடை ஒன்றும் இல்லை" என்றார். "சாமியாரின் ரசத்தைக் குடித்தவன் நான். பூசை ரசத்தை எடுத்து அதில் ஊற்றினவனும் நான். தெரிந்தும் நேற்று வாயை மூடிக்கொண்டு நின்றவனும் நான்தான். அந்த அம்மாள் ஒரு பாவமும் அறியாதவள்."

முன் வரிசையில் சம்பந்தி கட்டியிருந்த கையை அவிழ்த்து, சரி என்று தலையாட்டினார். வேதமுத்து தாளை மடித்து, கோயில் அலமாரிச் சாவியோடு செபாஸ்டியன் கையில் கொடுத்தார். பெண்கள் பக்கத்தில், முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, ஆரோக்கியம்மாள் முதல் முறையாக அழுதாள். வேதமுத்து நடுவழியே நடந்து வாசலுக்கு வந்து, கங்காதரனின் பக்கத்தில் நின்று தம் செருப்பைத் தேடினார்.