உயிர் போன ஊர் எது?

"வீ...ல்...!"

விழுப்புரம் தாலுகா கச்சேரி வாசலில் அத்தனை தலைகளும் திரும்பின.

அலறியவள் பொன்னி. திண்டிவனத்துக்குப் பக்கத்துக் கிராமம். ஜட்கா வண்டியிலிருந்து குதிக்கப் பார்த்தவளின் மணிக்கட்டை ஒரு கை முறுக்கிப் பிடித்திருந்தது.

கைக்குச் சொந்தக்காரன் சக்கரபாணி. அவள் புருஷன் விருத்தாசலத்தின் சித்தப்பா மகன். கழுத்தில் மைனர் செயின். முகத்தில் பால் மணம் மாறாத சிரிப்பு!

"ஒண்ணுமில்லீங்க... எங்க அண்ணி. அண்ணன் மெட்ராஸ்ல காலராலே பூட்டாரு. அதுலேருந்து இதுக்குப் புத்தி பேதலிச்சிப் போச்சு!"

"அடப் பாவமே...!" என்றது கூட்டம்.

சக்கரபாணி அவள் காதோரம் குனிந்தான்.

"கத்துங்க அண்ணி. நல்லாக் கத்துங்க. பைத்தியம்னு நான் சொன்னது நெசம்தான்னு நாலு பேருக்குத் தெரியட்டும்."

பொன்னி வாயை மூடிக்கொண்டாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று, தை மாதம். போன ஐப்பசியில் விழுப்புரம் மண்டிக்கு மல்லாட்டை எனும் நிலக்கடலை விற்கப் போன விருத்தாசலம் வீடு திரும்பவில்லை. கொஞ்ச நாளில் சக்கரபாணி சேதி கொண்டுவந்தான். மெட்ராஸ்... காலரா... அங்கேயே அடக்கம்.

ஊர் நம்பியது. பொன்னி நம்பவில்லை.

"மரண சர்டிபிகேட்டைக் காட்டு. தாலியக் கழட்டறேன். நெலத்தை உனக்கு எழுதி ரேகையும் வெக்கிறேன்" என்றாள்.

அன்றைக்கே அவளை மல்லாட்டை மூட்டை போடும் அறையில் தள்ளிப் பூட்டினான்.

சர்டிபிகேட் கேட்டது, பாவம், உயிருக்கு வாங்கிய வாய்தா. அந்த வாய்தா இன்றோடு முடிகிறது! சர்டிபிகேட் வந்தால் ரேகை. ரேகை விழுந்தால் கொல்லைக் கிணறு. பைத்தியம் தவறி விழுந்துவிட்டது என்பான். ஊர் இன்னொரு தடவை 'அடப் பாவமே' சொல்லும். அவ்வளவுதான்!

"எறங்குங்க அண்ணி..."

இறங்கினாள்.

ரெக்கார்டு ரூம். ஜன்னலுக்கு இரும்புக் கம்பி. ஒரே ஒரு கதவு. கூரை முட்டும் அலமாரிகளில், சிவப்புத் துணியில் கட்டிய பதிவேடுகள். ஒரு ஜில்லாவில் செத்தவர்களில் பாதிப் பேர் அங்கேதான் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

ரெக்கார்டு கீப்பர் மாசிலாமணி, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"நேத்து வந்தவர்தானே? செத்தவர் சம்சாரத்தை இட்டாரச் சொன்னேனே, இவங்கதானா?"

"இவங்கதாங்க. ஜல்தியா முடிச்சிக் குடுத்தீங்கன்னா..."

"எங்க செத்தாரு?"

"மெட்ராஸ்ல."

"அப்ப மெட்ராசுக்குப் போங்க. இங்க எதுக்கு வந்தீங்க?"

சக்கரபாணி தடுமாறினான்.

"பொறந்தது, வளந்தது, நெலம் நீச்சு எல்லாம் இந்தப் பக்கந்தானுங்களே..."

"பொறந்த ஊரு எனக்கு வேணாம்பா! உயிர் எந்த ஊர் எல்லையில போச்சோ, அந்த ஊர்க் கணக்குலதான் சாவு. அந்தக் கிராமத்து முன்சீப் எழுதுவாரு. அப்புறம் அது தாலுகாவுக்கு வரும். ஊரும் தேதியும் சொன்னா எடுத்துக் குடுப்பேன். சொல்லலேன்னா தேடித் தேடி நானும் செத்துடுவேன். என் சாவை விழுப்புரத்துல எழுதிக்குவாங்க!"

பொன்னிக்கு உள்ளே சுருக்கென்றது.

செத்தது மெட்ராஸ் என்கிறான். வீடு திண்டிவனம் பக்கம். பிறகு ஏன் விழுப்புரத்துக்கு இழுத்துவந்தான்...?

'டொக்...!'

கடைசி அலமாரிக்குப் பின்னால் ஒரு சத்தம்.

"என்னாது அது?" சக்கரபாணி எகிறினான்.

"எலி. கச்சேரி எலி. பொழுதுக்கும் இதே பேஜாரு!" மாசிலாமணி ஒரு மனுத்தாளை எடுத்தார். "கோர்ட் பீஸ் ஸ்டாம்பு ஒட்டணும். எதிர்ல புளியமரத்தடியில விக்கிறாங்க, வாங்கிக்கினு வாங்க. அம்மா இருக்கட்டும். ரேகை எடுக்கணும்."

சக்கரபாணி யோசித்தான். புளியமரம் கதவுக்கு நேர் எதிரே. எலிப்பொறிக்கும் ஒரு வாசல்தானே!

"இதோ நிக்கிறேன் அண்ணி. உங்களைப் பாத்துக்கினுதான் நிப்பேன்."

போனான். அங்கிருந்தபடியே கண் கொட்டாமல் பார்த்தான்.

பொன்னி அசையவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"ஐயா... குடுத்துடாதீங்க."

"என்னம்மா?"

"அந்தக் காயிதம் வந்தா இன்னிக்கே என்னைக் கொன்னுடுவான். தேடினேன், கெடைக்கலேன்னு சொல்லுங்க. நாலு நாள் தள்ளிப் போடுங்க. அதுக்குள்ள அவரு வந்துடுவாரு."

"எவரு?"

"என் புருசன்."

"செத்துட்டாருங்கறாங்க... நீ வந்துடுவாருங்கறே?"

"அவரு என்னாண்ட சொல்லாம கொல்லைக்குக் கூடப் போவ மாட்டாருங்க. செத்தா மட்டும் சொல்லாமப் போவாரா?"

'டொக்... டொக்...!'

எலி இந்த முறை கொஞ்சம் பலமாகவே நடமாடியது. மாசிலாமணி அவசரமாக இருமினார். பொன்னியின் கண்கள் நிரம்பிவிட்டன. இந்த மனுஷனும் என்னைப் பைத்தியம் என்றுதான் நினைக்கிறார் என்று நினைத்தாள்.

சக்கரபாணி ஸ்டாம்போடு வந்தான். மேஜைமேல் குனிந்து குரலைத் தணித்தான்.

"ஐயா... ஒரு சந்தேகம். பேர் தெரியாத பொணம் கெடைச்சா?"

"அனாதைப் பிணம்னு எழுதி வெப்பாங்க. அடையாளம் சொல்லி, சொந்தக்காரங்க பேரை ஏத்திக்கலாம்."

சக்கரபாணியின் முகத்தில் விளக்கு எரிந்தது!

"அப்ப எழுதிக்குங்க. விக்கிரவாண்டி தாண்டி ரயில் ஓடைப்பாலம், உங்க தாலுகா எல்லைதான். ஐப்பசி அமாவாசை ராத்திரி."

"மெட்ராஸ்னீங்களே?"

"ரயில்லேருந்து விழுந்து செத்தாருன்னா இந்தப் பொம்பளை தாங்குமா? அதான் காலரான்னு சொல்லி வெச்சேன்."

பொன்னி சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள். ரயிலா...? விழுந்தாரா...?

எப்பேர்ப்பட்ட பதில்! கெட்டிக்காரன்தான். ஆனால் தவளை தன் வாயால்தானே கெடும்?

மாசிலாமணி எழுந்தார். விக்கிரவாண்டிக் கட்டை இறக்கி, முடிச்சை அவிழ்த்தார். ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். பொன்னி சுவரைப் பிடித்துக்கொண்டாள். அந்த விரல் ஒரு வரியில் நின்றால், அவள் கதை முடிந்தது.

விரல் நிற்கவில்லை.

"இல்லையே...!"

"நல்லாப் பாருங்க!"

"ஐப்பசி முழுக்கப் பாத்துட்டேன். காய்ச்சல்ல ஒரு கிழவர், பிரசவத்துல ஒரு பொண்ணு. அனாதைப் பிணமே கெடையாது. அந்தப் பாலத்தாண்ட யாரும் சாவலைப்பா."

"எப்படி இல்லாமப் போவும்? அங்கதான்..."

"அங்கதான்...?"

மாசிலாமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பிணமே கெடைக்கலை. அப்ப பிணம் கெடைச்சுதுன்னு உனக்கு யாரும் சொல்லியிருக்க முடியாது. அந்தப் பாலமும் அந்த ராத்திரியும் உனக்கு எப்படிய்யா தெரியும்?"

சக்கரபாணியின் சிரிப்பு செத்தது. அதற்கு சர்டிபிகேட் தேவைப்படவில்லை!

பாய்ந்தான். கதவை உள்ளே தாழிட்டான். இடுப்பிலிருந்து சூரிக்கத்தி வெளியே வந்தது. அடுத்த கணம் அது பொன்னியின் கழுத்தில்!

"மனுவைக் குடு கெழவா! நான் வரவும் இல்லை, எதையும் கேக்கவும் இல்லை. இந்தப் பைத்தியம் உன்னைக் கடிக்க வந்துச்சி, நான் காப்பாத்தினேன். அப்படித்தான் ஊருக்குச் சொல்லணும். இல்லே... இங்கயே ரெண்டு சாவு!"

பொன்னி கண்ணை மூடிக்கொண்டாள். பின்னால் சுவர். முன்னால் கத்தி. கதவுக்குத் தாழ். இனி எங்கே ஓடுவாள்?

'டொக் டொக் டொக்... பட்டீர்!'

"ஆ...!"

அலறியது சக்கரபாணி! அலமாரிச் சந்திலிருந்து வந்த ஊன்றுகோல் ஒன்று அவன் மணிக்கட்டைப் பதம் பார்த்திருந்தது. கத்தி தரையில் உருண்டது.

ஊன்றுகோலின் மறுமுனையில்... தாடியும் மீசையுமாக விருத்தாசலம்!

அவனுக்குப் பின்னால் சப்-இன்ஸ்பெக்டர் சின்னதுரை, கைவிலங்கோடு.

"அ... அண்ணே...!"

"பாத்தியாடா, உன் அனாதைப் பொணம் நடந்து வருது!"

விலங்கு மாட்டியது. பொன்னி ஓடிப்போய்ப் புருஷனின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தாடியைத் தடவினாள். விம்மி விம்மி அழுதாள்.

"எங்கய்யா போன... எங்க போன நீ...?"

"யுத்தம்னு ரயில்ல வெளக்கெல்லாம் கறுப்புக் காயிதம் ஒட்டியிருந்தாங்க புள்ள. கும்மிருட்டு. கதவாண்ட நின்னுக்கினு இருந்தேன். பின்னாலேருந்து ஒரு கை தள்ளிச்சி. மூஞ்சி தெரியலை. சேத்துல விழுந்து கால் போச்சு. லைன் பாக்க வந்த கேங்க் ஆளுங்க தூக்கிக்கினு போய் மிஷன் ஆஸ்பத்திரியில போட்டாங்க. அங்கதான் இந்த போலீசு ஐயா வந்து வாக்குமூலம் வாங்கினாரு."

"எந்தப் பாலம்னு தள்ளினவனுக்குத்தான் தெரியும்" என்றார் சின்னதுரை. "எவன் இவர் சாவுக்குக் காயிதம் கேட்டுக்கினு வர்றான்னு பாக்கச் சொல்லி, ரெக்கார்டு கீப்பராண்ட சொல்லி வெச்சேன். நேத்து உன் கொழுந்தன் வந்தான். இன்னிக்கு நாங்க எலியா மாறிட்டோம்!"

பொன்னி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஏதோ உறைத்தது.

"உசுரோட இருக்கேன்னு எனக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம் இல்ல?"

விருத்தாசலம் தரையைப் பார்த்தான். சின்னதுரை தொப்பியைச் சரிசெய்தார்.

"யாரெல்லாம் கூட்டுன்னு தெரியலை பாரும்மா... அதனால..."

"என்னையுமா...?"

"தப்புதான் புள்ள" என்றான் விருத்தாசலம். "நீ ஐயாவாண்ட பேசினதைக் கேட்டப்போ, அந்த அலமாரியிலேயே தலையை முட்டிக்கினேன்."

பொன்னி அவனை மேலும் கீழும் பார்த்தாள். நிதானமாகத் திரும்பினாள். மாசிலாமணி மனுவைக் கிழிக்கப் போனார்.

"ஐயா, கிழிச்சிடாதீங்க!"

"ஏம்மா?"

"ஒட்டின ஸ்டாம்பு வீணாவுது பாருங்க. ஊர் பேரை மட்டும் அடிச்சிட்டு எங்க ஊரை எழுதி வைங்க... இந்தாளு இன்னிக்கு என்னோட வீட்டுக்குத்தானே வர்றாரு!"